சாக்கை உருவியவள்

சாக்குக்காரி என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது லிஃப்டுக்குள்தான். "சாக்குக்காரி வந்தாச்சா? நாலாவது மாடிய ஒரு எட்டு பாக்கச் சொல்லுங்க" என்றார் ஒருவர். கோணி விற்கிறவளோ என்று தோன்றும். இல்லை. அந்த ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தின் ஏசி மெக்கானிக் அவள்.

எந்த மாடிக்குப் போனாலும் காற்று வரும் துவாரத்தில் ஒரு காகித நாடாவை ஒட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துப் பார்ப்பாள். நாடா ஆடவில்லை என்றால் அங்கே இருப்பவர்களைத்தான் திட்டுவாள். "வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்களா? நேத்து அலசின தண்ணியில இன்னிக்கும் துணி அலசுவீங்களா? மூச்சு மட்டும் பழசு போதுமாக்கும்!"

நாலாவது மாடியில் அவளுடைய நாத்தனார் மகளுக்கு வேலை. நாத்தனார் கண்ணை மூடிய நாளிலிருந்து இவள் கையில் வளர்ந்த பெண். மதியம் மூன்று மணியானால் தலைவலி. கண்ணாடி மாற்றியாயிற்று, மாத்திரையும் தின்றாயிற்று. "எனக்கு இந்த வேலைக்குத் துப்பில்ல போலிருக்கு அத்தை. நின்னுடறேன்" என்று அழுதாள்.

அப்போதுதான் இவளுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷத்துக்கு முன், கரண்டை மிச்சம் பிடிக்கச் சொன்னார் பழைய மேனேஜர். மொட்டைமாடியில் வெளிக்காற்று நுழையும் வாயில் சாக்கைத் திணித்தது யார்? இவளேதான். திணித்தவள் அதை அடியோடு மறந்தும் போனாள்.

ஓடிப் போய் உருவினாள். கையோடு ஒவ்வொரு மாடியாக இறங்கி, சாக்கைத் தூக்கிக் காட்டினாள். "ஒம்பது வருஷமா உங்க மூச்ச அடைச்சவ நான்தான். திட்டறவங்க திட்டிக்கோங்க." பட்டப்பெயர் அன்று வந்தது.

புது மேனேஜர் குதித்தார். "யாரக் கேட்டு எடுத்தே? வெளிச்சூடு உள்ள வந்தா கரண்ட் எகிறும். சாயங்காலத்துக்குள்ள அடை. இல்லேன்னா சாவிய வெச்சிட்டுக் கிளம்பு."

சாவிக்கொத்து மேஜையில் விழுந்தது. "இந்தாங்க சார். நீங்களே போய் அடைங்க. அடைச்சிட்டு, என்னை மாதிரி ஏழு மாடியும் இறங்கிச் சொல்லிட்டு வாங்க."

மேனேஜர் சாவியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே நாலாவது மாடியே நின்றிருந்தது. "ஒரு மாசம். மீட்டர் ஏறிச்சுன்னா நீ வெளியே" என்றார்.

அந்த மாதம் அவள் உட்காரவே இல்லை. வெயில் சூடு கீழே இறங்காமலிருக்க மொட்டைமாடி முழுக்க வெள்ளையடித்தாள். அழுக்கேறிக் கிடந்த ஏசி காயில்களை, அந்தக் குளிர்க்குழாய்ச் சுருள்களை, கழுவினாள். ஆளில்லாத அறைகளில் வெறுமனே ஓடிய ஏசிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். மீட்டர் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியே இருந்தது. மூன்று மணித் தலைவலி போய்விட்டதால் நாத்தனார் மகளும் வேலையை விடவில்லை.

இப்போதும் அவள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மதியச் சாப்பாடு மொட்டைமாடியில், அந்தக் காற்று வாய்க்குப் பக்கத்தில், அதே சாக்கை விரித்து அதன்மேல். மேனேஜர் மேலே வந்தால் அவர் நடக்க வழிவிட்டுக் காலை மடக்கிக்கொள்வாள். எழுந்திருக்க மாட்டாள்.