ஓடு கழன்ற முட்டையும் உப்பு மரவையும்

தண்ணீரில் அதிக நேரம் கிடந்தால் மனிதன் வெடித்துவிடுவான் என்று நம்பியவன் நான். நம்பியதோடு நின்றேனா? ஆளைக் காப்பாற்றவும் கிளம்பிவிட்டேன்.

எல்லாம் மாமாவால் வந்தது. நாஞ்சில்நாடு தமிழ்நாட்டோடு சேராத காலம். மாமாவுக்கு நாகர்கோவிலில் கல்லூரிப் படிப்பு, லீவுக்குப் பூதப்பாண்டியில் எங்கள் வீடு. ஊறுகாய்க்கென்று அம்மா வைத்திருந்த சுறுக்காவில், அதாவது கள்ளுக் காடியில், ஒரு கோழிமுட்டையை ஊறப்போட்டார். ஓடு கரைந்து, மெல்லிய தோலோடு முட்டை கொழகொழவென்று கையில் நின்றது. அதைப் பச்சைத் தண்ணீரில் போட்டார். மறுநாள் பார்த்தால் வாத்து முட்டையைவிடப் பெரிதாக வீங்கிக் கிடக்கிறது!

“கோயில் அசன விருந்துல வாசல்ல நிக்கப்பட்ட ஆளு மாதிரி மக்கா இந்தத் தோலு. தண்ணிய உள்ள விடும், உள்ள கெடக்க சத்த வெளிய விடாது. நம்ம ஒடம்பு பூரா இதுமாதிரி கண்ணுக்குத் தெரியாத சஞ்சிதான், குட்டிக் குட்டிப் பை. வெறும் தண்ணியில வீங்கும், உப்புத் தண்ணியில சுருங்கும்.”

“வீங்கிட்டே போனா?”

மாமா முட்டையை எடுத்தார். நாரத்தை முள்ளால் ஒரு குத்து. சீறியடித்து என் மூக்கில் விழுந்தது.

அன்றைக்கென்று பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எங்கள் சானலுக்கு வந்து சேர்ந்தது. ஊர்ப்பிள்ளைகள் அத்தனையும் வாய்க்காலில். முட்டையை யார் நினைத்தார்? நானும் தங்கச்சியும் குதித்தோம், முங்கினோம், உச்சிப்பொழுதுவரை கரையேறவில்லை.

“அண்ணே, எனக்க வெரல பாரேன்!”

வெளுத்து, வரிவரியாக. அப்போதுதான் எனக்கு முட்டை நினைவுக்கு வந்தது. என் விரலும் அப்படித்தான், ஆனால் அவள் சின்னப்பிள்ளை, சின்னச் சஞ்சி, முதலில் வெடிக்கப்போவது அவள்தான்!

இழுத்துக்கொண்டு ஓடினேன். அடுக்களையில் மரத்தில் குடைந்த உப்பு மரவை. அவள் கைகளை முழங்கைவரை கல்லுப்புக்குள் அமுக்கிப் பிடித்தேன். படித்துறையில் உரசிய சிராய்ப்பு முழங்கையில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அவள் போட்ட கூச்சலில், வெடிக்கத் தொடங்கிவிட்டாள் என்று இன்னும் அமுக்கினேன்.

அம்மா ஓடி வந்தாள். “ஏலே, பிள்ளைய கருவாடு போடுகியா?”

“இழுக்காதம்மா, விட்டா வெடிச்சிருவா!”

“நான் வெடிக்க மாட்டேன், இவன அடிம்மா!”

புறவாசலில் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “லேய், முட்டை வீங்கிச்சில்லா? இவளுக்க வெரலு சுருங்கியில்லா இருக்கு! சுருங்குனதுக்கு உப்பா, லேய்?”

ஐயோ, அப்படியென்றால் பிள்ளை வற்றிக்கொண்டிருக்கிறாள்! பக்கத்திலிருந்த குடத்தைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்தேன். அதன்பின் அம்மாவின் அகப்பை எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவ்வளவு சிரித்த மாமாவுக்கும் விரல் ஏன் சுருங்கியது என்று தெரியாது. அது தெரியாதவர்தான் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீரில் ஊறினால் நரம்பு விரல்நுனி ரத்தக்குழாய்களை இறுக்கும், மேல்தோல் மடியும், அவ்வளவுதான் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் அழுது முடிப்பதற்குள் விரல்களின் சுருக்கம் தானாகவே மறைந்துவிட்டது.