மாஸ்கோவுக்கு எழுதிய உப்பளக்காரர்

தேசப்பனைப் போல் ஒரு தொல்லையை நான் பார்த்ததில்லை. மரக்காணம் தபால் ஆபீஸில் எனக்கு அது மூன்றாவது வருஷம். உப்பளத்தில் வேலை முடிந்ததும், காலில் சேறு காயுமுன் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

"மாஸ்கோலேர்ந்து எதுனா வந்துச்சா சார்?"

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்த வினை. திண்டிவனத்துக்கு வேனில் ரஷ்யப் புத்தகங்கள் வந்தன. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், மாஸ்கோவிலேயே தமிழில் அச்சடித்தது. மனுஷன் மயங்கிப்போய் மகள் பாஞ்சாலைக்கு ஒன்று வாங்கினார். பள்ளிக்கூடத்து சக்கரபாணி வாத்தியாரிடமும் அதே புத்தகம் இருந்தது. கடல்நீர் முழுவதும் வற்றினால் உப்பு என்று அதில் போட்டிருந்தது. பரீட்சையில் பாஞ்சாலை அப்பா செய்வதை எழுதினாள்: கடைசித் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். வாத்தியார் முட்டை போட்டார். அன்றோடு அவள் அப்பாவிடம் பாடத்தில் எதையும் கேட்பதில்லை. அதுதான் அவரைத் தின்றது.

வடிக்காத பாத்தியின் உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

"வாயில போட்டுப் பாருங்க சார்."

வாத்தியார் தொடவே இல்லை. "ஏம்பா, ராக்கெட் விடுறவனுக்கு உப்பு தெரியாதா?"

அந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில், உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று மாஸ்கோ முகவரி இருக்கும். யாராவது எழுதுவார்களா? இவர் எழுதினார். பொட்டலத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லி என்னிடம் மல்லுக்கு நின்றார். நான் மறுத்துவிட்டேன்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. கருத்துக்கு நன்றி, மொழிபெயர்ப்பாளரிடம் சேர்த்துவிட்டோம். கூடவே அன்பளிப்பாக ஒரு புத்தகம். அதே புத்தகம், அதே தப்போடு. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவர் மறுபடி எழுதினார். அப்புறம் இன்னொன்று.

எழுபத்தேழில் மறுபதிப்போடு வேன் மரக்காணத்துக்கே வந்தது. வேன் பக்கத்திலேயே நின்று பிரித்துப் பார்த்தார். கசப்பு நீரை வடித்த பிறகே உப்பை வாருவார்கள் என்று திருத்தியிருந்தார்கள். நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். இத்தனை வருஷத் தொல்லையின் முடிவைப் பார்க்காமல் எனக்கும் ஆறாது, கூடவே போனேன்.

சக்கரபாணி கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். "நீ சொன்னது சரிதாம்பா. புத்தகத்துலயே போட்டுட்டானே."

தேசப்பன் மடியிலிருந்து அந்தப் பழைய பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எங்கிட்டச் சொல்லாதீங்க சார். பாஞ்சாலை எட்டாவதுல உக்காந்துருக்கு. இதை வாயில போட்டுக்கினு வந்து, அதுங்கிட்டச் சொல்லுங்க."