நாலாவது ஆள்

எங்கள் வீட்டில் ஐரோப்பா என்ற பேச்சு முதலில் எழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கு நடுவே. தம்பி மகளுக்கு வேலையில் பதவி உயர்வு வந்திருந்தது. "இந்த வருஷம் ஊட்டி, கொடைக்கானல்லாம் கிடையாது. அம்மாவுக்குக் காலாண்டு லீவு விட்டதும் ஒரு வாரம் ஐரோப்பா போறோம்" என்று அறிவித்தாள். தம்பி மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டான். பள்ளிக்கூட டீச்சரான அவன் மனைவி, "அங்கெல்லாம் குளிருமேடி" என்றாள். நான் அடுப்படியில் அடுத்த தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். 'போறோம்' என்றால் யார் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அப்பா, அம்மா, மகள். அத்தை வீட்டைப் பார்த்துக்கொள்வாள்.

அந்த அத்தை நான்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தாம்பரத்தில் ஏறி, ஜன்னல் ஓரம் கிடைத்தால் தூங்கி, கிடைக்காவிட்டால் சண்டை போட்டுப் பழகிய உடம்பு. வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். முடிச்சூரில் தம்பி கட்டிய வீட்டில், கீழே முன்னறை என்னுடையது. பெருவெள்ளத்தில் அந்த அறையில் கட்டில் மிதந்ததைப் பார்த்த நாளிலிருந்து தம்பிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போக மனசு வராது. வானம் கொஞ்சம் இருட்டினாலே வாசலுக்கும் மாடிக்குமாக நடப்பான். அதனால் அவர்கள் எங்கே கிளம்பினாலும் நான் இருந்துவிடுவேன். அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது, எனக்கும்தான்.

ஆனால் திட்டம் போடும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. மகளுக்கு ஓயாத மீட்டிங். தம்பிக்குப் பாங்க். அவன் மனைவிக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுக் கட்டாக. வெட்டியாக இருப்பவள் நான் ஒருத்திதானே! தம்பி எங்கிருந்தோ ஒரு டூர் விளம்பரம் கொண்டுவந்தான். பத்து நாளில் ஏழு நாடாம். "இது டூரா, இல்ல தபால் பட்டுவாடாவா? பஸ்ஸ விட்டு இறங்காமலே ஏழு நாட்டையும் பாத்துட்டு வரப்போறியா?" என்று கேட்டதில் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் மகளுடைய பழைய லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். எனக்கு ரயில்தான் தெரியும். ரயிலை வைத்தே பார்த்தேன். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா போக ஒரு மணி நேரம். ஆஸ்திரியாவின் தலைநகரில் ஏறி ஸ்லோவாக்கியாவின் தலைநகரில் இறங்க, தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிற நேரம்! அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தம்பி மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன அண்ணி, என்னாச்சு?" என்றாள். எத்தனையோ வருஷமாக நான் பல்லாவரம், கிண்டி, மாம்பலம் என்று எண்ணிக்கொண்டு போன நேரத்துக்குள் அங்கே ஒருத்தி நாடு விட்டு நாடு போய் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றேன். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "அங்க சாம்பார் கிடைக்குமா அண்ணி?" என்று கேட்டாள்.

மூன்று ஊர் என்று முடிவானது. வியன்னா, பிராட்டிஸ்லாவா, அங்கிருந்து புடாபெஸ்ட். மகள் பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க ஒரு கம்பெனியே ஆரம்பிக்கலாம்" என்றாள். எந்த ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் உண்டு, தம்பி மனைவியின் முழங்காலுக்கு எந்தத் தெரு ஆகாது, புடாபெஸ்ட்டில் எந்தப் பாலத்தில் சாயங்காலம் நின்றால் ஆற்றின் மேல் விளக்கு தெரியும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தப் பாலத்தின் வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். பாட்டுப் போட்டதுபோல ஓடிக்கொண்டே இருக்கும், நான் கீரை ஆய்வேன்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதில் தனிச் சண்டை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் சுலபமாகத் தேறிவிட்டன. பாத்ரூமுக்கு ஒரு பிளாஸ்டிக் மக் வேண்டும் என்று தம்பி சொன்னதும் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மானம் போகுதுப்பா!" "மானத்தப் பாத்தா ஆகுமா? அங்க வெறும் காகிதம்தாண்டி" என்றான் தம்பி. கடைசியில் மக் ஜெயித்தது. அதைத் துணிக்கு நடுவில் எப்படி ஒளித்துவைப்பது என்று காட்டிக்கொடுத்தவளும் நான்தான்.

பாத்திரம் தேய்க்க வரும் அம்மா ஒருநாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, ஊரெல்லாம் நீயே பாத்து வெச்சிகினு கீற, நீ போவலியா?" என்றாள். "எனக்கு எதுக்கு? மூட்டு வலி, குளிரு. யாரால ஆவும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொய். எனக்கு மூட்டு வலியே கிடையாது. அந்தப் பாலத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று காத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. நானாக வாயைத் திறந்து கேட்பேனா? செத்தாலும் மாட்டேன்.

விசா வேலைக்குக் குரோம்பேட்டையில் ஒரு டிராவல்ஸ்காரரைப் பிடித்திருந்தான் தம்பி. ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வரப் போனார்கள். டிக்கெட் அதற்கப்புறம்தான். கிளம்பும்போது தம்பி மனைவி வாசலில் நின்று யோசிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு குனிந்து செம்பருத்தித் தொட்டியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பக் கூடாது, போன காரியம் ஆகாது என்பார்கள். அப்படிக் கிளம்ப நேர்ந்தால் ஒரு கல்லைக் கூட எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கல்தான் நாலாவது ஆள். எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போனபோதும், மனை பார்க்கப் போனபோதும் இதெல்லாம் நடந்ததுதான். அன்றைக்கு ஏனோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றேன்.

சாயங்காலம் மூவரும் நல்ல உற்சாகமாகத் திரும்பி வந்தார்கள். நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே தம்பி மனைவி கதை சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அண்ணி, ஒரே கூத்து! விசா போட்டோவ எடுக்கலாம்னு பையைக் கவுத்தேனா, கல்லு ணங்குனு அந்த டிராவல்ஸ்காரரோட கண்ணாடி மேசையில விழுந்துடுச்சு. அந்த ஆளு பதறிட்டாரு. என்ன மேடம் இதுன்னு கேட்டாரு. நாங்க மூணு பேருதான் சார், அதான் நாலாவது ஆளா இது, அப்படின்னேன். அவர் சிரிச்சுட்டு, ஏன் மேடம், உங்க வீட்டுல வேற ஆளே இல்லையான்னு கேட்டாரு. நானும் இல்ல சார்னு…"

அதோடு நிறுத்திவிட்டாள். மகள் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

நான் பேசாமல் எழுந்து போயிருக்கலாம். என் சுபாவம் அப்படி இல்லையே.

"ஏன் நிறுத்திட்டே? சொல்லு. இல்ல சார்னு சொன்னே. சரிதான். கல்லுக்கு இருக்கற மரியாதை எனக்கு எதுக்கு? கல்லு வாய் பேசாது, பையில கிடக்கும். ஊரு பாக்கணும்னு அது ஆசைப்படாது" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அதுதான் எனக்கு மானக்கேடாக இருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன், சாத்தினேன் என்பதைவிட அறைந்தேன் என்பது சரி.

தட்டாமல் உள்ளே வந்தவள் தம்பி மனைவி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"திட்டுங்க அண்ணி. ஆனா ஒண்ணு கேக்கறேன். திருப்பதிக்குக் கூப்பிட்டப்ப வரலன்னீங்க. எங்கம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு, ஊட்டிக்கு, எல்லாத்துக்கும் நீங்க போயிட்டு வாங்கன்னீங்க. நான் கூப்பிடறதையே விட்டுட்டேன். அண்ணிக்கு வீடுதான் பிடிக்கும்னு நெனச்சுட்டேன். இந்தத் தடவையாவது கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்புதான்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்னைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் கூப்பிடுமுன்னே 'வரல' என்று சொல்லிப் பழகியவள் நான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அது அவளுக்குத் தெரியவில்லை, நானும் தெரியவிடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு அந்தப் பாலத்தைப் பாக்கணும்டி" என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

வெளியே வந்தபோது அப்பாவும் மகளும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். "அக்கா வரட்டும்மா, நான் வேணாம்னா சொல்றேன்? வீட்ட யாரு பாத்துக்கறது? மழை வந்துட்டா?" என்று தம்பி கேட்டான். "வெள்ளம் வந்தா அத்தை கையைக் காட்டி நிறுத்திடுவாங்களாப்பா? போன தடவை நிறுத்தினாங்களா?" என்றாள் மகள். அவன் என்னைப் பார்த்தான். அந்த வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தக் கட்டிலை இழுத்தது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சாவிய எதிர்வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டுப் போவோம்" என்றான், மென்று விழுங்கியபடி. பிறகு, "ஏன்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான். "நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. மகள் அன்றைக்கே விண்ணப்பித்தாள். பாஸ்போர்ட் ஆபீஸ் போக வேண்டிய நாளில் என்னோடு அவளும் அவள் அம்மாவும் வருவதாக ஏற்பாடு. தம்பி லுங்கியோடு ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கேட்டைத் திறக்கப் போன தம்பி மனைவி சட்டென்று நின்றாள். எங்களை ஒரு தடவை பார்த்தாள். நான், மகள், அவள். பிறகு கண் தன்னாலே செம்பருத்தித் தொட்டிப் பக்கம் போனது. எனக்கும் போனது.

தம்பி பேப்பரை மடித்தான். "கல்லெல்லாம் ஒண்ணும் எடுக்க வேணாம். அஞ்சு நிமிஷம் இருங்க" என்று உள்ளே போனான். பாங்க்குக்குப் போன் போட்டு வரத் தாமதமாகும் என்று சொல்வது கேட்டது. பேண்ட்டை மாட்டிக்கொண்டு, சட்டைப் பித்தானை மேலும் கீழுமாகப் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறினான். தாம்பரம் பாலத்தில் ஏறும்போது மகள்தான் மெதுவாக, "அப்பா, பித்தான்" என்றாள்.

விண்ணப்பித்தவர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார்கள். மூன்று பேரும் வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டார்கள். எனக்காக யாரும் எங்கேயும் வெளியே நின்று காத்திருந்ததாக ஞாபகம் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதில் ஒருவர்மேல் இடித்துக்கொண்டேன்.

கடைசி மேசையில் இருந்த அம்மாள் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயசுதான்.

"எதுக்கும்மா இப்ப பாஸ்போர்ட்?"

"சும்மா ஊர் சுத்திப் பாக்க."

"இந்த வயசுல தனியாவா போறீங்க?"

"இல்லம்மா. நாங்க நாலு பேர்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தப் போனார். அவர் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னேன்.