சொக்கப்பனையும் துலுக்கானமும்

எங்கள் ஊரில் நெருப்பை அணைக்கப் படித்துத் தேறியவர்கள் மூன்று பேர். அதில் நானும் ஒருவன் என்பதால் பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் தண்ணீர் சுமந்தவன். பம்பு அடித்தவன் பெயர் சின்னப்பையன். குழாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவன் துலுக்கானம். கதை அவனுடையது.

துலுக்கானம் முத்தாபுதுப்பேட்டைக்குத் தெற்கே கத்தரி பயிரிட்டவன். ஆள் ஒல்லி, வாய் மட்டும் ஊருக்கே போதும். சந்தையில் தன் கத்தரிக்காயை அவன் புகழ்வதைக் கேட்டால் கத்தரிக்காய்க்கே வெட்கம் வந்துவிடும். அவன் பெண்டாட்டி நாகம்மாளோ பேச்சைக் குறைத்து வேலையைப் பார்க்கிறவள். அவர்கள் வீட்டு மண்சுவர் நான்கையும் அவளேதான் சேறு மிதித்து எழுப்பினாள். கூரை வேய்ந்தது மட்டும் துலுக்கானம். அது ஒழுகும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடியதே, அதற்கு மறுவருஷம் எங்கள் நிலத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. கிடங்கு கட்ட வேண்டுமாம். பட்டணத்துக்காரன் கிராமத்துக்கு ஓடுவான், கிராமத்துக்காரன் எங்கே ஓடுவான்? இதைக் கேட்க அன்றைக்கு ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. சுற்றிலும் முள்கம்பி இழுத்து, உள்ளே இருந்த வீடுகளை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு வந்தார்கள். துலுக்கானத்தின் வீடு கடைசி வரிசையில் இருந்ததால் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் அவள் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒண்டிக்கொண்டார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அண்ணன்காரனுக்கு இரண்டாம் நாளே முகம் மாறிவிட்டது. நாகம்மாள் பகலெல்லாம் அவன் மாட்டுக்குச் சாணி அள்ளுவாள். பொழுது சாய்ந்தால் கம்பி வேலி ஓரம் போய் நின்று தன் வீட்டைப் பார்த்துவிட்டு வருவாள்.

அப்போதுதான் கிடங்குக்குத் தீயணைக்க ஆள் எடுத்தார்கள். நிலம் போனவர்களுக்கு முதல் இடம். பயிற்சியில் தேறினால் நிரந்தர வேலை, தவறினால் நடையைக் கட்ட வேண்டியதுதான். துலுக்கானத்துக்கு அதை விட்டால் வேறு கதியில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவர் வேதமுத்து. பூந்தமல்லிக்காரர், பட்டணத்தில் நெருப்பு வண்டியில் வேலை பார்த்தவர். காக்கிச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. முதல் நாளே அதை நனைத்துவிட்டோம். வாளிக்குள் பம்பை நிறுத்தி, வெளியே தொங்கும் கம்பியை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, கையால் மேலும் கீழும் அடிக்க வேண்டும். சின்னப்பையனுக்கு ஆட்டுரல் மாதிரி உடம்பு. அவன் அடித்த அடியில் துலுக்கானத்தின் கையிலிருந்த குழாய் துள்ளி, வாத்தியாருக்குத் தலையோடு அபிஷேகம் ஆகிவிட்டது.

“நெருப்பு அங்க கீது! நான் இன்னாடா பண்ணேன் உங்களுக்கு?” என்று கத்தினார் வேதமுத்து.

நல்ல மனுஷர். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொள்வது, எரிகுண்டின் மேல் மணல் கொட்டுவது எல்லாம் கையைப் பிடித்துக் காட்டினார். புகைக்குள் போனால் நிமிரக்கூடாது, தரையோடு தரையாக ஊர்ந்து போக வேண்டும் என்பதை மட்டும் நூறு தடவை சொன்னார். துலுக்கானம் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து கோவணத்தில் மண் மூட்டையே கட்டிவிட்டான்.

கடைசிப் பரீட்சையைப் பார்க்கக் கேப்டன் துரை வருவதாக ஏற்பாடு. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு கட்டடத்தைக் கொளுத்துவார்கள், விசில் ஊதினதும் நாங்கள் அணைக்க வேண்டும். “மெத்தை ஊடு ஒயரத்துக்கு ஒண்ணு கட்டுங்கப்பா, சீக்கிரம் புடிக்கிற மாதிரி” என்று சொல்லிவிட்டு வேதமுத்து பூந்தமல்லிக்குப் போய்விட்டார்.

மாடி வைத்த மெத்தை வீட்டை நாங்கள் எங்கே கண்டோம்? உயரமாக வேண்டும், சீக்கிரம் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு பனைமரத்துண்டை நட்டோம். சுற்றிலும் காய்ந்த பனையோலையை அடியிலிருந்து நுனிவரை கட்டினோம். கையெல்லாம் பழகின வேலை, நிமிஷத்தில் முடிந்தது. நாங்கள் என்ன கட்டியிருக்கிறோம் என்று ஒரு மடையனுக்கும் உறைக்கவில்லை. நாளோ கார்த்திகை தீபம்.

துரை வேதமுத்துவோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஓலையில் தீ வைத்தார்கள். குபீரென்று நுனிவரை ஏறி, பொறி வானத்துக்குப் பறந்தது. வேதமுத்து விசில் ஊதினார்.

வேலிக்கு அந்தப்பக்கம் வேடிக்கை பார்த்த ஊர்ச்சனம் மொத்தமும் “அண்ணாமலைக்கு அரோகரா!” என்று ஒரே குரலாக முழங்கியது. அவ்வளவுதான். சின்னப்பையன் பம்பை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் வாளியைக் கீழே வைத்தேன். துலுக்கானம் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையும் கூப்பி நின்றான். சொக்கப்பனையைத் தண்ணீர் ஊற்றி அணைக்கிற பாவி உண்டா உலகத்தில்?

வேதமுத்து விசிலை ஊதி ஊதிக் கன்னம் வீங்கிப்போனார். எல்லாம் எரிந்து முடிந்தபின் துலுக்கானம் பயபக்தியோடு ஒரு கரிக்கட்டையை எடுத்து மடியில் கட்டினான், வயலில் நட்டால் விளைச்சல் பெருகுமென்று. வயல் எங்கே இருக்கிறது என்பது அப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அவன் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

துரை குதித்த குதிப்பைச் சொல்லி முடியாது. மூன்று பேரையும் அன்றைக்கே விரட்டச் சொன்னார். வேதமுத்துதான் காலில் விழாத குறையாகப் பேசி ஒரு வாரம் தவணை வாங்கினார்.

“இந்த வாட்டியும் கைய கூப்பினீங்கன்னா என் வேலையும் காலி” என்றார் எங்களிடம்.

“வாத்யாரே, ஓலைய கட்டிக் கொளுத்தினா சாமி ஞாபகம்தான் வரும்” என்றான் துலுக்கானம். “ஊடு எரிஞ்சாத்தான் எவனும் கும்புடமாட்டான், ஓடுவான். எப்படியும் இடிக்கப் போறீங்க. என் ஊடு கீது, அத்த கொளுத்துங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேதமுத்து விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துரையிடம் கேட்கப் போனார்.

சங்கதி நாகம்மாள் காதுக்குப் போனது. வாயே திறக்காதவள் அன்றைக்குத் திறந்தாள். “அடப்பாவி மனுசா! அவன் இடிச்சா அவன் பாவம். நீயே கொள்ளி வெக்கச் சொன்னியாமே? உன் வேலையக் கொண்டுபோய் உலையில போடு!” கொட்டகையில் மாடுகூட எழுந்து நின்றுவிட்டது. துலுக்கானம் பதில் சொல்லாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஒரு வாரம் கழிந்தது. அதே நாற்காலி, அதே துரை. வேலி ஓரம் நாகம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார்கள். விசில் ஊதும்வரை அசையக்கூடாது, அதுதான் சட்டம். வாசல் வழியாகப் புகை சுருண்டு வந்தது. கூரை ஓரத்து இறவாணத்தில் தீ நாக்கு எட்டிப்பார்த்தது. துலுக்கானம் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், இடத்தை விட்டு நகரவில்லை. எனக்கு வேதமுத்துவின் கழுத்தைப் பிடித்து விசிலை நானே ஊதலாம் போல இருந்தது.

ஊதினார்.

துலுக்கானம் தரையோடு சரிந்து உள்ளே போனான். புகையில் ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. அடுப்பு எங்கே, பரண் எங்கே, எந்த மூலையில் தரை பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன். “அடி மாமே! அடி!” என்று உள்ளேயிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. சின்னப்பையன் பேய் பிடித்தவன் போல அடித்தான். நான் ஓடின ஓட்டத்தில் பாதித் தண்ணீர் என் மேலேயே கொட்டியது.

அவன் இருமிக்கொண்டே வெளியே வந்தபோது பாதிக் கூரை போயிருந்தது. சுவர் நான்கும் அப்படியே இருந்தன.

துரை எழுந்து வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். கெட்டிச் சுவர். வேதமுத்துவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வேதமுத்து எங்கள் பக்கம் திரும்பினார். “மூணு பேரும் பாஸ். இன்னொண்ணு, இந்த ஊட்ட இடிக்க வாணாமாம். வர்ற பசங்களுக்கெல்லாம் இதுலயே சொல்லிக் குடுக்கச் சொல்றாரு. வாரம் ஒரு கூரை போட்டுக்கலாமாம்.”

இதைத் துலுக்கானம் முன்பே கணக்குப் போட்டானா என்று பலதடவை கேட்டிருக்கிறேன். “போடா, எனக்கு அவ்ளோ மூளை இருந்தா கத்தரிக்கா ஏன் நட்றேன்?” என்று சிரித்து மழுப்புவான். கொஞ்ச நாளில் ஊரில் மற்ற வீடெல்லாம் தரைமட்டமானது. வாரம் தவறாமல் கொளுத்தப்பட்ட அந்த ஒரு வீடுதான் நின்றது.

கூரை வேயக் கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது. நாகம்மாள் வந்து பெயர் கொடுத்தாள். புருஷனோடு அவள் இன்னும் பேசவில்லை. அவன் மேலே ஏறி ஓலை கட்ட, இவள் கீழேயிருந்து ஓலையை எடுத்துக் கொடுத்தாள். அது முடிந்ததும் உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை என்று வேதமுத்து எட்டிப்பார்த்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, மூலை மூலையாகச் சாணி மெழுகிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா இது? நாளைக்கு எரியப்போற ஊட்டுக்கு இன்னாத்துக்கு மொழுவுற?”

அவள் நிமிரவில்லை.

“எரியறது உங்க கூரை சார். தரை என்னுது. காலைத் தொடைச்சிகினு உள்ள வா.”

வேதமுத்து பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார்.