பேர் ஒட்டாத பாட்டில்

வள்ளிக்கண்ணு சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. உறையூரில் அவள் குடியிருந்த வரிசை வீட்டுப் பெண்கள், துரைசானி ஸ்பூனோடு உட்கார்ந்துவிட்டாள் என்று சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்வதில்லை. பகலெல்லாம் ஊரார் மூத்திரத்தைத் தொட்ட கை. சாம்பல் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, பினாயில் தண்ணீரில் முக்கி எடுத்தாலும் அந்தக் கை வாய்க்குப் பக்கத்தில் வரும்போது குடல் புரண்டது.

குளித்தலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். புருஷன் செத்த பிறகு ஆயா வேலை பழகிக்கொண்டு, 1958இல் மெயின்கார்டு கேட் அருகே ஒரு டாக்டரம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ரத்தமும் பனிக்குடத் தண்ணீரும் அவளை ஒன்றும் செய்யவில்லை. அதில் ஒரு பிள்ளையாவது வெளியே வரும். மூத்திரத்தில் என்ன வரும்? நாற்றம்தான் வரும்.

ஜனங்கள் அதைக் கொண்டுவந்த லட்சணம் இன்னும் மோசம். கிரைப் வாட்டர் பாட்டில், விளக்கெண்ணெய் பாட்டில், ஊறுகாய் ஜாடி, ஒரு தடவை பித்தளைக் கூஜா. மூடி என்று தேங்காய் நார், மடித்த செய்தித்தாள், வாழைச்சருகு, எதையாவது திணித்திருப்பார்கள். பஸ்ஸில் குலுங்கிப் பை நனைந்து, அந்தப் பையையே மேஜைமேல் வைப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் ஊறுகாய்க் காரமும் மூத்திரத்தில் கலந்தால் சோதனை எப்படி உருப்படும் என்று டாக்டரம்மா கத்திப் பார்த்தார். கடைசியில் கழுவிக் காயவைத்த டானிக் பாட்டில்களைக் கார்க்கு மூடியோடு ஆஸ்பத்திரியிலிருந்தே கொடுக்க ஆரம்பித்தார். கொடுக்கும்போதே பாட்டிலின்மேல் பிளாஸ்திரி ஒட்டி அதில் பேர் எழுதிவிட வேண்டும். அது சட்டம். நடக்க முடியாத கர்ப்பிணிகளின் வீட்டுக்கு வள்ளிக்கண்ணுவே போய் வாங்கிவர வேண்டும்.

அப்படித்தான் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டு மருமகள் வேதவதி. முதல் பிரசவத்தில் அவளுக்கு வலிப்பு வந்து, பிள்ளை போய், அவளும் பிழைத்ததே பெரும்பாடாக இருந்தது. இப்போது மறுபடி ஏழு மாதம். கால் வீங்கியிருந்தது. ரத்தக் கொதிப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டரம்மா அல்புமின் என்று சொல்வதை ஜனங்கள் உப்பு என்பார்கள். மூத்திரத்தில் உப்பு இருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டிலேயே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காலையில் முதலில் போவதைப் பிடிக்க வேண்டும்.

பாட்டிலைக் கொடுக்கப் போனபோது மாமியார் குமுதவல்லி வாசலில் விடவில்லை. பின்பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்கு வரச் சொன்னாள். வள்ளிக்கண்ணு பிளாஸ்திரியை எடுத்துப் பேர் எழுதத் தொடங்கியதும் குமுதவல்லி தடுத்தாள்.

"இதுல போய் அந்தப் பேரையா எழுதுவே? வேதம்னு ஆரம்பிக்கறது. எழுதாதே."

"எழுதலைன்னா டாக்டரம்மா திட்டுவாங்கம்மா."

"பஸ்ஸுல போறச்சே எழுதிக்கோ. எங்காத்து மண்ணுல வேண்டாம்."

வாக்குவாதம் செய்ய வள்ளிக்கண்ணுவுக்கு மனசில்லை. பாட்டிலைத் தொடும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. சரி என்று வைத்துவிட்டு வந்தாள். மூத்திரம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பதால், நிரம்பிய பாட்டிலை மாட்டுக்கொட்டகை மாடத்தில் வைப்பதாகப் பேச்சு.

மறுநாள் காலை போனாள். முந்தானையால் மூக்கை இறுக்கக் கட்டிக்கொண்டு, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு, துணியால் பிடித்து மாடத்திலிருந்து எடுத்தாள். கார்க்கு இல்லை, வைக்கோல் திணித்திருந்தது. இவர்களும் இப்படித்தானா என்று நினைத்துப் பைக்குள் போட்டாள். காவிரிப் பாலம் தாண்டும்போது பிளாஸ்திரியில் பேர் எழுதி ஒட்டினாள்.

டாக்டரம்மா அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நாற்றம் பின்கட்டு முழுக்க அடைத்துக்கொண்டது. வள்ளிக்கண்ணு ஜன்னலோடு போய் நின்றாள். குழாய் கலங்கியது. நாலு சொட்டு ஆசிட் விட்டதும் புஸ்ஸென்று நுரைத்துத் தெளிந்துவிட்டது. உப்பு இருந்தால் கலங்கல் போகாது. வெயிலில் நின்று கெட்டுப்போன மூத்திரம் போலிருக்கிறது என்று டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். ஆனாலும் உப்பு இல்லை, வீட்டிலேயே இருக்கட்டும், அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம். வள்ளிக்கண்ணு ஆஸ்பத்திரிக் கொல்லைக் குழாயடியில் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மடிசார்ப் புடவையோடு குமுதவல்லி பின்வாசலில் வந்து நின்றாள். துணைக்கு யாரும் இல்லை. தனியாக டவுன் பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்பதே வள்ளிக்கண்ணுவுக்குத் திக்கென்றது. கையில் ஒரு காலி பாட்டில் இருந்தது. அதில் கார்க்கு இருந்தது.

குமுதவல்லி மெல்லச் சொன்னாள். அந்த வரிசையில் பசுமாடு இருக்கும் வீடு அவர்களுடையதுதான். நேற்று பக்கத்து வீட்டில் மருமகளுக்குக் குழந்தை பிறந்து தீட்டுக் கழிக்கும் நாள். சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் கேட்டார் என்று கோமியத்துக்குச் சொல்லியிருந்தார்கள். மாட்டுக்காரன் நல்லுசாமி விடியற்காலையில் பிடித்து, கையில் கிடைத்த டானிக் பாட்டிலில் ஊற்றி, வைக்கோலால் அடைத்து, அதே மாடத்தில் வைத்துவிட்டான். வள்ளிக்கண்ணு வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டு ஆள் வந்து ஒரு பாட்டிலை எடுத்துப் போனான். இன்று காலை அந்த வீட்டிலிருந்து காலி பாட்டில் திரும்பி வந்திருக்கிறது, கார்க்கு மூடியோடு.

வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கழுவிக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"தெளிச்சாங்களா?"

"தெளிச்சா. மூலைக்கு மூலை தெளிச்சா." குமுதவல்லி தொண்டையைச் செருமினாள். "பஞ்சகவ்யத்துல கலந்து எல்லாரும் சாப்பிட்டா. நானும்தான் போயிருந்தேன்."

வள்ளிக்கண்ணு எழுந்து போய்ச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தாள். குமுதவல்லி அசையாமல் நின்றாள். அவளுக்கு வாந்தியெல்லாம் காலையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

"யாருக்கும் தெரியாது. நான் வாயத் திறக்காட்டா தெரியவும் தெரியாது" என்றாள். "ஆனா நீங்க பாத்தது எங்க மாட்டை. என் மாட்டுப்பொண்ணைப் பாக்கல்லை. காலம்பறேலேர்ந்து தலை வலிக்கறதுங்கறா. கண்ணு மங்கறதாம்."

அதைக் கேட்ட பிறகு அருவருப்புக்கெல்லாம் நேரமில்லை. டாக்டரம்மாவிடம் ஓடிச் சொன்னாள். அவர் திட்டவும் நிற்காமல் காரை எடுக்கச் சொன்னார். உத்தர வீதி வீட்டில் இந்தத் தடவை யாரும் கொல்லைச் சந்தைக் காட்டவில்லை. வள்ளிக்கண்ணு வாசல் வழியாக நேரே உள்ளே போய், வேதவதியைத் தாங்கி உட்காரவைத்து, பாட்டிலைத் தானே பிடித்தாள். சூடாக விரலில் வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவளையும் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, மூத்திரத்தைக் காய்ச்சியபோது குழாய் பால் திரிந்ததுபோல் ஆனது. ஆசிட் விட்டும் தெளியவில்லை. குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குக் கட்டியாக நின்றது. டாக்டரம்மா உடனே ஊசி மருந்தை எடுத்தார். வேதவதியை இருட்டறையில் படுக்கவைத்தார்கள். உப்பில்லாத கஞ்சி கொடுத்தார்கள். சத்தம் கூடாது, வெளிச்சம் கூடாது. தினமும் மூத்திரத்தை முழுக்கப் பிடித்து அளக்க வேண்டும்.

அதைப் பிடித்தது குமுதவல்லி. யாரும் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள். மூஞ்சியை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, பெட்பானை நீட்டிய கையோடு ஏந்தி வருவாள். தளும்பினால் புடவை நுனியில் படும். படும்போதெல்லாம் போய்க் குளிப்பாள். ஒருநாள் பெட்பானை வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எப்படித்தான் பழகினயோ?"

"பழகலைங்கம்மா. இன்னும் குமட்டுது."

வலிப்பு வரவில்லை. கொதிப்பு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்து, எட்டாவது மாசத்தில் டாக்டரம்மா வலி வரவைத்தார். பெண் குழந்தை. எலிக்குஞ்சு கணக்காக இருந்தது. ஆனால் அழுதது. வேதவதியும் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று வள்ளிக்கண்ணு கேட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றாள் குமுதவல்லி. "இவளை இங்க சேத்த அன்னிக்கே சொல்லிட்டேன். வீட்டை மறுபடி சுத்தி பண்ணிண்டா. எங்களோட பேசறதில்லை. எங்காத்துப் பால் வாங்கறதில்லை."

"வருத்தமா இருக்குங்களா?"

"அவா எடத்துல நான் இருந்தாலும் பேசமாட்டேன். பொண்ணை இங்க குடு."

கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னாள் வள்ளிக்கண்ணு. குமுதவல்லி குழாயடிக்குப் போனாள்.