ஒரே எண்ணில் மூன்று நாய்கள்

வீட்டுப் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த மருத்துவமனையின் முன்மேசையில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் அட்டை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகிற ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் அட்டை எழுதி, மர அலமாரியில் அடுக்கி, கேட்டவுடன் உருவி எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால், ரத்தம் குடிக்கிற அட்டையையும் சேர்த்துத்தான் அந்தப் பேர் என்று அங்கே வேலை பார்த்த சின்ன டாக்டர் ஒருமுறை சொல்லிவைத்தார். அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை.

நாற்பத்தோரு வயதில் அவர் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அந்தப் பிடியால்தான். மருத்துவமனைக்கு ஒரு கம்பெனி கணினி நிரல் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தது. கிளியைப் பதிந்தாலும் அது என்ன வகை நாய் என்று கேட்கும். சொல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. மூன்று மாதத்தில் கம்பெனிக்காரர்கள் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். பெரிய டாக்டரம்மா தலையில் கைவைத்தார்.

"போதும்மா. பழையபடி அட்டையே எழுது."

"நானே ஒண்ணு செஞ்சு தரேன் டாக்டர்."

"நீயா? எப்படி?"

"படிச்சுட்டு வந்து."

டாக்டரம்மா அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார். அக்கா அடுத்த வாரமே பல்கலைக்கழகத்தின் சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்துவிட்டார். தரவுத்தளத்தை வடிவமைப்பதும் பராமரிப்பதும் பாடம். ஒரு வருஷப் படிப்பு. வகுப்பில் முப்பத்திரண்டு பேர். விரிவுரையாளரையும் சேர்த்து அக்காதான் எல்லோருக்கும் மூத்தவர். விரிவுரையாளர் உள்ளே வரும்போது அக்கா எழுந்து நிற்பார். அதைப் பார்த்து அந்த மனிதர் பதறிப்போய், "மேடம், தயவுசெஞ்சு உக்காருங்க" என்பார். வருஷம் முழுக்க இது மாறவில்லை.

வீட்டில் அக்காவின் புருஷனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. முதல் மாதம் ஒருநாள் காலையில், "நேத்து கிளாஸ்ல மூணு டேபிள் போட்டேங்க" என்று அக்கா பெருமையாகச் சொன்னார்.

"மூணா? எங்க வைக்கிறது? இருக்கிற ஒண்ணுக்கே ஹால்ல இடம் பத்தல."

பத்தாவது படிக்கும் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது கம்ப்யூட்டர் டேபிள்ப்பா."

"கம்ப்யூட்டர் வைக்கவா?"

மகள் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஆண்டுக் கடைசியில் ஆளுக்கொரு செயல்திட்டம் செய்ய வேண்டும். அக்கா மருத்துவமனையைத்தான் எடுத்துக்கொண்டார். முதலில் தன் அட்டையை அப்படியே கணினியில் ஏற்றினார்: ஒரே நீளமான அட்டவணை, வரிசைக்கு ஒரு பிராணி, கூடவே சொந்தக்காரரின் பேர், முகவரி, போன் எண். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒன்பது பூனை வளர்க்கும் ஓர் அம்மாள் போன் எண்ணை மாற்றும் வரைக்கும்.

ஒன்பது இடத்தில் திருத்த வேண்டியதை அக்கா எட்டு இடத்தில் திருத்தினார். ஒன்பதாவது பூனைக்கான தடுப்பூசிச் செய்தி பழைய எண்ணுக்குப் போனது. அந்த எண் இப்போது வேறொருவரிடம் இருந்தது. அவர் போன் போட்டு, "எங்க வீட்டுல பூனையே கிடையாது. இருந்தா எங்க இருக்குன்னு சொல்லுங்க, பயமா இருக்கு" என்றார்.

விரிவுரையாளர் இதைக் கேட்டுக் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். "இதத்தான் மேடம் மூணு வாரமா சொல்லிட்டிருக்கேன். ஒரு தகவல் ஒரு இடத்துலதான் இருக்கணும். சொந்தக்காரருக்குத் தனி டேபிள், பிராணிக்குத் தனி டேபிள். பிராணி வரிசையில சொந்தக்காரரோட பதிவு எண்ண மட்டும் போடுங்க, போன் எண்ண இல்ல." பிறகு சும்மா கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார். "ஒரு பிராணிக்கு ரெண்டு சொந்தக்காரங்க இருக்க முடியுமா?"

"பதினாறு வருஷமா முன்மேசையில உக்காந்திருக்கேன் சார். ஒரு பிராணிக்கு ஒரு சொந்தக்காரர்தான்."

அனுபவத்தோடு யார் மல்லுக்கட்டுவது என்று அவர் விட்டுவிட்டார்.

இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகளை அக்கா மத்தியான வேளைகளில் புது அட்டவணைகளில் தட்டச்சு செய்து ஏற்றினார். இரண்டு வருஷம் முன்னால் நகராட்சி முகாம் போட்டு, தெருநாய்களுக்கெல்லாம் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சில்லு வைத்திருந்தது. ஒவ்வொரு சில்லிலும் பதினைந்து இலக்க எண் ஒன்று. பிற்பாடு அந்த நாய்களில் பலவற்றுக்கு வீடு கிடைத்தது. நாய் வந்தால் கம்பவுண்டர் கருவியை முதுகில் ஓட்டி எண்ணைப் படிப்பார்; அக்கா அட்டையில் எழுதிக்கொள்வார். இந்த எண் ஒன்றுக்கு மேல் வரக் கூடாது என்று அக்கா அட்டவணைக்கு ஒரு நிபந்தனை போட்டார். கணினி மறுத்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட எண் மூன்று வரிசையில் இருக்கிறதாம்.

தட்டச்சில் பிசகு என்று நினைத்து அட்டைகளை எடுத்துப் பார்த்தார். மூன்று அட்டை, மூன்றிலும் அவருடைய கையெழுத்து, மூன்றிலும் பதினைந்து இலக்கமும் அச்சு மாறாமல் ஒன்றே.

முதல் அட்டையில் நாயின் பேர் கேப்டன், வயது நான்கு, நாட்டு நாய். சொந்தக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இரண்டாவதில் சிட்டு, வயது மூன்று, கலப்பினம், தையல்கடை அம்மா. மூன்றாவதில் பன்னு, வயது தெரியாது, 'ஏதோ வெளிநாட்டு வகை', பேக்கரிக்காரர். அடையாளம் என்ற இடத்தில் மட்டும் மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள்: இடது காதில் ஒரு துண்டு இல்லை.

அக்காவுக்குக் காது சூடேறியது. இதெப்படித் தன் கண்ணில் படாமல் போனது? அவர் மேசை நெஞ்சு உயரம். பூனையையும் கிளியையும் தூக்கி மேலே வைப்பார்கள். நாய் கீழே நிற்கும். பதினாறு வருஷமாக அவர் பார்த்தது மனுஷ முகங்களையும் சில வால்களையும்தான். வால் இந்த நாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

மூன்று அட்டையிலும் இருந்த எடையை எடுத்துத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார். கணினி அடுக்கிக் காட்டியது: பதினான்கு கிலோ, பதினாறு, பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்து நான்கு. வாத்தியாரின் அட்டை ஓரத்தில் டாக்டரம்மா சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி மூன்றாவது முறை. கேட்கவில்லை.'

விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா முதலில் தடுப்பூசிக் கணக்கைத்தான் பார்த்தார். வெறிநாய்க்கடி ஊசி ஒரே வருஷத்தில் மூன்று முறை. "உயிருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அந்த நாய் என்ன நினைச்சிருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "பார்த்த முகமா இருக்கேன்னு எனக்கும் தோணுச்சும்மா. பழுப்பு நாய் எல்லாமே அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அக்கா மூன்று பேருக்கும் போன் செய்து, புதன்கிழமை நாலு மணிக்கு நாயோடு வரச் சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை. மூன்று பேரும் நாயோடு வருவதாக உறுதியாகச் சொன்னார்கள்.

வாத்தியார்தான் முதலில் வந்தார். கையில் கயிறு இருந்தது. நுனியில் நாய் இல்லை. "கொஞ்சம் வெளிய போயிருக்கான். இந்த நேரத்துல உலாத்துற பழக்கம்" என்றார்.

அடுத்து தையல்கடை அம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு. "தெருத்தெருவா தேடிட்டு வரேன்மா. மதியம் சாப்பிட்டுட்டுப் போன புள்ள, காணோம்."

கதவு மறுபடி திறந்தது. மாவு படிந்த சட்டையோடு பேக்கரிக்காரர். அவருக்கு முன்னால், கயிறே இல்லாமல், வீட்டுக்காரன் போல நாய் நடந்து வந்தது.

"கேப்டன்" என்றார் வாத்தியார்.

"சிட்டு" என்றார் தையல்கடை அம்மா.

நாய் இரண்டு பேருக்கும் சமமாக வாலாட்டிவிட்டு, நடுவில் படுத்துக்கொண்டது.

மூன்று பேரும் பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

"நாலு மாசமா சாப்பாட்டத் தராசுல நிறுத்துப் போடுறேன்" என்றார் வாத்தியார். "டாக்டர்கிட்ட திட்டு வாங்கினது நான். நீங்க என்னத்தப் போட்டீங்க?"

"என்கிட்ட வரும்போது பட்டினி கிடந்த மாதிரி மூஞ்சிய வச்சிட்டு வருது சார்" என்றார் பேக்கரிக்காரர். "பார்த்துட்டு இருக்க முடியுமா? ரெண்டு பன்னு. சில நாள் நாலு."

"நான் வெறும் முட்டைதான்" என்றார் தையல்கடை அம்மா. "மெலிஞ்சு போச்சேன்னு."

டாக்டரம்மா நாயையும் அந்த அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தூங்குறது எங்க வீட்டுலதான்" என்று வாத்தியார் கடைசிச் சீட்டை இறக்கினார்.

"விடிகாலை நாலு மணிக்கு நான் அடுப்பு மூட்டும்போது கடை வாசல்ல நிக்குதே சார்?" என்றார் பேக்கரிக்காரர்.

வாத்தியார் கயிற்றைச் சுருட்டினார். "காலையில ஓடிட்டு வரப் போறான்னு நினைச்சேன்" என்றார், குரல் இறங்கி.

யார் பேரில் பதிவது என்று கடைசியில் மூன்று பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அவருடைய அட்டவணையில் சொந்தக்காரருக்கு இருந்ததோ ஒரே ஓர் இடம். வாத்தியார் யோசனை சொன்னார்: "மூணு கட்டம் போடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. வயசுப்படி நான் ஒண்ணுல இருக்கேன்."

"அப்படிப் போட்டா எங்க கிளாஸ் வாத்தியார் ஒத்துக்க மாட்டார் சார்."

வாத்தியார் என்ற சொல்லுக்கு அவர் உடனே அடங்கினார்.

அக்கா ஓர் அட்டையைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் கோடு கிழித்தார். நாய்க்கு ஒரு பட்டியல், ஆட்களுக்கு ஒரு பட்டியல், நடுவில் புதிதாக மூன்றாவது. அதில் வரிசைக்கு ஒரு நாய், ஓர் ஆள். இந்த நாய்க்கு மூன்று வரிசை. யாரும் முதலாவது இல்லை, யாரும் கடைசியும் இல்லை. என்ன சாப்பாடு, எந்த வேளை என்பதும் அந்த வரிசையிலேயே. எழுதிக்கொண்டே வந்தவர் நாயின் பேரில் வந்து நின்றார். பேர் எந்தப் பட்டியலில் போகும்? நாய் பட்டியலில் போட்டால் இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் நடுப்பட்டியலுக்கு நகர்த்தினார்.

"எடை நாயோடது. பேரு உங்களோடது" என்றார்.

கணக்கு வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த அட்டையை நெடுநேரம் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். பேக்கரிக்காரர் பன்னை ஒன்றாகக் குறைக்க ஒத்துக்கொண்டார். பாதி என்றால் முடியாது, நாய் முகத்தைப் பார்க்க வேண்டியவன் நான்தானே என்றார். அடுத்த இரண்டு மாதத்தில் எடை மூன்று கிலோ இறங்கியது. நாய் மூன்று வீட்டிலும் உம்மென்று இருப்பதாகத் தகவல் வந்தது.

செயல்திட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். சிரித்தால் மதிப்பெண் கூடிவிடும் என்று பயந்தவர் மாதிரி இறுக்கமான ஆள். அக்காவின் வரைபடத்தில் பேனா நுனியை வைத்தார்.

"பிராணி டேபிள்ல பேரே இல்லையே. மறந்துட்டீங்களா?"

"இல்ல சார். யோசிச்சுத்தான் எடுத்தேன்."

அக்கா நடந்ததைச் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் விரிவுரையாளர் கர்ச்சீப்பைத் தேடினார். தேர்வாளர் அசையவில்லை. "அப்போ அந்த நாயோட உண்மையான பேர் என்ன?"

"பதினஞ்சு இலக்க நம்பர் சார்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். கடவுச்சொல்லை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்ததற்கும், தகவலை வேறு இடத்தில் நகலெடுத்து வைக்காததற்கும் மதிப்பெண் குறைத்தார். அது நியாயம்தான். எழுபத்தாறு வந்தது.

அக்கா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, தேர்வாளரும் பின்னாலேயே வந்தார். நடைவழியில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், எங்க வீட்டுல ஒரு பூனை இருக்கு. தினம் காலையில பதினோரு மணிக்குப் போனா மூணு மணிக்குத்தான் வருது. கொஞ்ச நாளா அதுமேல ஏதோ சோப்பு வாசனை வேற. நாங்க குளிப்பாட்டுறதே இல்ல."

அக்கா பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தார். "செவ்வாய்க்கிழமை பத்தரைக்குக் கொண்டு வாங்க சார்" என்று சொல்லி, எழுத ஆரம்பித்தார்.