கோணல் ஆறு

குணா அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை, மனுரேவாவில் இருக்கும் அவர் வீட்டில். ஹார்ட் அட்டாக்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. நான் ஆக்லாந்து வந்த புதிதில் இரண்டு பேரும் ஒரே வேர்ஹவுஸில் மூன்று வருஷம் வேலை பார்த்தோம். அவர் ஃபோர்க்லிஃப்ட், நான் பேக்கிங். மலேசியத் தமிழர், ஜொகூர்க்காரர்.

பழைய ஃபுட்பால் சட்டை சேர்க்கும் எங்கள் குரூப்பில் இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும்... கருங்கடல் ஓரத்துத் துருக்கி கிளப் ஒன்றின் சட்டைகளாகவே போஸ்ட் போடுவாரே, அவர்தான்.

துருக்கிக்கு அவர் போனதே இல்லை. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து, பழைய துணி விற்கும் ஆப் ஷாப்பில் கிளறியபோது கருஞ்சிவப்பும் நீலமுமாக ஒரு சட்டை கிடைத்திருக்கிறது. தன் ஊர் டீமுடையது என்று நினைத்து வாங்கிவிட்டார். வீட்டுக்குப் போய் பேட்ஜைப் பார்த்தால் வேறு நாடு.

"தப்பா வாங்கிட்டேன் லா. ஆனா யாரு டீம்னு தேடிப் பாத்தேன், விட முடியல" என்றார் மறுநாள் டீ பிரேக்கில். இஸ்தான்புல் கிளப்புகளே ஜெயித்துக்கொண்டிருந்த லீகில் வெளியூரிலிருந்து வந்து கோப்பையைத் தூக்கிய டீமாம். "நம்ம மாதிரி லா, தம்பி. சிட்டிக்காரன் இல்ல."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவருக்கு. எனக்கும் ஒட்டவைத்துவிட்டார்.

ஆக்லாந்தின் மறுகோடியில், ஆல்பனியில் ஐ.டி. வேலை கிடைத்து நான் கிளம்பிய நாளில், தன்னிடம் இருந்த இரண்டு சட்டைகளில் ஒன்றை என் கையில் கொடுத்தார். எது நல்லது, எது சுமார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் தெரிந்தது. நல்லதைத்தான் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு சட்டை விஷயத்தில் அவரைவிட நான் அதிகம் படித்துவிட்டேன். லேபிள், துணி, தையல்... போட்டோவைப் பார்த்தே அசலா போலியா என்று சொல்லுவேன். குரூப்பில் என் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. அந்தத் திமிர் நிறையவே இருந்தது.

இரண்டு வருஷம் முன்னால் அண்ணன் ஒரு போட்டோ போட்டார். எண்பதுகளில் ஒரு வீரர் மேட்சில் போட்டு ஆடிய சட்டை. முழுக்கை, முதுகில் ஆறாம் நம்பர். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் மாதக்கணக்கில் கெஞ்சி வாங்கியது. "இதுக்கு மேல ஒன்னும் வேணாம்" என்று எழுதியிருந்தார்.

நம்பர் கோணலாக இருந்தது. கீழ் மூலையில் மட்டும் நூல் வேறு நிறம். நான் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, எல்லோரும் பார்க்க, "போலி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் இப்படித்தான்" என்று எழுதினேன்.

மெசெஞ்சரில் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஓ அப்படியா. தேங்க்ஸ் தம்பி" என்று பதில் போட்டார். கூடவே ஒரு தம்ஸ் அப். அதற்குப் பிறகு குரூப்பில் அவர் எதுவுமே போடவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

போன மாதம் அந்தத் துருக்கி ஊரைச் சேர்ந்த ஒருவர் பழைய கலர் போட்டோ ஒன்றை குரூப்பில் போட்டார். மைதானத்தில் ஒரு வீரர், முதுகு மட்டும் தெரிகிறது. ஆறாம் நம்பர். அதே கோணல், கீழ் மூலையில் அதே வேறு நிற நூல்... அந்தக் காலத்தில் உள்ளூர் டெய்லர்தான் நம்பரைக் கையால் தைப்பாராம். பிரிந்தால், கையில் இருக்கும் நூலை வைத்து ஒட்டுப் போடுவாராம்.

அண்ணன் வாங்கியது அசல்.

உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மகளுக்கு ஸ்விம்மிங். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்து, அவர் பக்கம் போகும் பாலத்தில் ட்ராஃபிக். உண்மை என்னவென்றால், அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று மதியம் அவர் மகள் ஷாமினி வீடியோ காலில் வந்தாள்.

"அங்கிள், அப்பாகூட ஒரு ஜெர்சி வைக்கணும்னு அம்மா சொல்றாங்க. நல்ல ஒரிஜினலா... யூ நோ பெஸ்ட்."

அலமாரியைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு சட்டையும் ஜிப் கவரில், மேலே அவர் கையெழுத்தில் வருஷம். ஆறாம் நம்பரைக் காணோம். எங்கே என்று கேட்டேன்.

"ஓ, தட் ஃபேக் ஒன்? கராஜ்ல இருக்கும்."

போய்க் காட்டினாள். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. புல் வெட்டவும் வேலிக்குப் பெயின்ட் அடிக்கவும் அதைத்தான் போட்டுக்கொள்வாராம். கையெல்லாம் பச்சைப் பெயின்ட், கழுத்து நைந்துபோயிருந்தது.

"மத்ததெல்லாம் தொடவே மாட்டாரு அங்கிள். இது மட்டும், 'நல்லதா போச்சு லா, இனி பயப்படாம போட்டுக்கலாம்'னு சொல்லி சிரிப்பாரு."

நிஜமாகவே சிரித்தாரா, வலியை மறைக்கச் சிரித்தாரா... இனி யாரைப் போய்க் கேட்பது.

"அதையே வைம்மா. அது ஒரிஜினல். நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமா அங்கிள்?"

"இல்லம்மா. சொல்லல."

"ஓகே அங்கிள். அம்மாகிட்ட சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். போனை வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அந்தச் சட்டையும் அவரோடு எரிந்துவிடுமே என்பதுதான். அப்படிப்பட்ட ஆள் நான்.

நாளை காலை இறுதிச் சடங்கு. தெரிந்தவர்கள் வாருங்கள். இந்தப் பதிவை குரூப்பிலும் போடுகிறேன், அந்தப் பழைய போஸ்ட்டிலேயே, என் சிவப்பு வட்டத்துக்குக் கீழே.

போய் வாங்க, குணாண்ணே.

அது ஒரிஜினல்தான்.